377 போயாச்சு, அப்புறம் ஏன் ஒருபால் கல்யாணத்துக்கு மட்டும் அங்கீகாரம் இல்ல?

கேட்ட கேள்வி இதுதான்: இந்திய தண்டனைச் சட்டத்தோட 377வது பிரிவு வழக்குல 2018லயே ஒருபால் உறவு குற்றம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அப்படின்னா 2023ல கல்யாணத்த மட்டும் ஏன் ஒத்துக்கல, இதோட எல்லாம் முடிஞ்சுதா, தமிழ்நாட்டுல தனியா ஏதாவது செய்ய வழி இருக்கா?

முடியல. வழியும் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி அந்தத் தீர்ப்பு என்ன சொல்லுச்சுன்னு சரியா புரிஞ்சுக்கணும், ஏன்னா நிறைய பேர் "கோர்ட் தடை போட்டுருச்சு"ன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அப்படி எதுவும் நடக்கல. நாளைக்கே ரெண்டு பொண்ணுங்க மண்டபம் புடிச்சு, சொந்தபந்தத்த கூப்பிட்டு, மாலை மாத்தி, பந்தி போட்டு கல்யாணம் பண்ணிக்கிட்டா அது குற்றம் கிடையாது, போலீஸ் உள்ள வர சட்டத்துல இடமும் கிடையாது. அடுத்த நாள் ரிஜிஸ்டர் ஆபீஸ் போனாதான் பிரச்சனை. அங்க பதிவு பண்ண மாட்டாங்க. பதிவு இல்லன்னா சட்டத்தோட கண்ணுல அவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல குடியிருக்குற யாரோ ரெண்டு பேர், அவ்வளவுதான்.

2018 செப்டம்பர் 6 வந்த அந்த 377 தீர்ப்பு (நவ்தேஜ் வழக்குன்னு சொல்வாங்க) வேற வகை. அங்க மனுதாரர்கள் கேட்டது "எங்கள விடு"ன்னு. 377ன்னு ஒரு பிரிவு மனுஷங்கள ஜெயிலுக்கு அனுப்புது, அந்த அளவுக்கு அத வெட்டிவிட்டா போதும். கோர்ட்டுக்கு இது பழக்கமான வேலை. கல்யாண வழக்குல கேட்டது "எங்களையும் சேத்துக்கோ"ன்னு, அதாவது அரசாங்கம் நடத்துற ஒரு ஏற்பாட்டுக்குள்ள இடம் வேணும்னு. ஒண்ணுல அரசாங்கம் சும்மா இருந்தா போதும், இன்னொண்ணுல அரசாங்கம் எழுந்து வந்து ஏதாவது செய்யணும். கேஸ் இங்கதான் மாட்டுச்சு.

ஹைதராபாத்த சேர்ந்த ரெண்டு ஆண்கள் 2022 நவம்பர்ல போட்ட மனு இது, சுப்ரியோ வழக்குன்னு சொல்றாங்க. 2023 ஜனவரியில டெல்லி, கேரளா, குஜராத் ஹைகோர்ட்டுல இருந்த இதே மாதிரி மனுக்களையும் சுப்ரீம் கோர்ட் தங்கிட்ட இழுத்துக்குச்சு, ஏப்ரல் 18லருந்து மே 11 வரைக்கும் பத்து நாள் வாதம் நடந்துச்சு, அக்டோபர் 17 தீர்ப்பு. சந்திரசூட், கௌல், ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா அஞ்சு பேர் பெஞ்ச். கல்யாணம் அடிப்படை உரிமை கிடையாதுங்குறதுல அஞ்சு பேரும் ஒண்ணு. சிறப்புத் திருமணச் சட்டத்த கோர்ட்டே திருத்திப் படிக்க முடியாதுங்குறதுலயும் அஞ்சு பேரும் ஒண்ணு. கல்யாணம்னு சொல்லாட்டியும் அந்த உறவ அங்கீகரிக்குற கடமை அரசுக்கு இருக்கு, ஜோடியா குழந்தை தத்தெடுக்கவும் விடணும்னு சந்திரசூட்டும் கௌலும் சொன்னாங்க, மத்த மூணு பேரும் ஒத்துக்கல. ஆக "5க்கு 0"ன்னு சொல்றதும் பாதிதான் சரி, "3க்கு 2"ன்னு சொல்றதும் பாதிதான் சரி, எந்தக் கேள்விங்குறத பொறுத்தது.

சிறப்புத் திருமணச் சட்டத்துல என்ன சிக்கல்னு கொஞ்சம் பாக்கணும், ஏன்னா எதிர்த்தரப்போட வாதத்துல உண்மையிலயே கனமானது இது ஒண்ணுதான். 1954ல வந்த சட்டம், சாதி மதம் பாக்காம யாரும் யாரையும் கட்டிக்கலாம்னு கொண்டு வந்தது. நாலாவது பிரிவு ஆரம்பத்துல "எந்த இரண்டு நபர்களும்"னுதான் இருக்கு, ஆண் பெண்ணுன்னு இல்ல. மனுதாரர்கள் அத புடிச்சுக்கிட்டாங்க, கணவன் மனைவின்னு வர்ற எடத்துல எல்லாம் வாழ்க்கைத்துணைன்னு படிச்சா போதும்னாங்க. ஆனா அதே பிரிவுல கொஞ்சம் கீழ போனா ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயசுன்னு இருக்கு. டைவர்ஸ் பகுதிக்குப் போனா மனைவி மட்டும் கேக்கக்கூடிய காரணங்கள்னு தனியா இருக்கு. ஜீவனாம்சம் கணவன் மனைவிக்குக் குடுக்கணும்னு இருக்கு. ரெண்டு ஆம்பளைங்கள்ல இது யாருக்குப் பொருந்தும்? இன்னொண்ணு, ரெண்டு பேரும் இந்துன்னா சொத்து வாரிசு விஷயம் நேரா இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போயிடும், அங்க விதவை, கணவனோட வாரிசுகள்னு பாலினம் பாத்து எழுதின பட்டியல். ஒரு நூல இழுத்தா துணி முழுக்க பிரியும்னு சொல்ற மாதிரி, 160 சட்டம் பாதிக்கும்னு சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா வாதாடினார்.

சரி, பாரபட்சமா இருக்குன்னு சொல்லி சட்டத்தையே ரத்து பண்ணிடலாமான்னா, அப்போ இந்து முஸ்லிம் ஜோடி, கிறிஸ்டியன் இந்து ஜோடின்னு அந்தச் சட்டத்த நம்பி இருக்குற எல்லாரும் நடுரோட்டுக்கு வந்துடுவாங்க. இந்த இக்கட்ட சந்திரசூட்டே தீர்ப்புல எழுதியிருக்கார். இதுவரைக்கும் எனக்கும் புரியுது, நேர்மையான தயக்கம்தான்.

எனக்கு ஏத்துக்க முடியாதது இதுக்கு அடுத்த படி. பெரும்பான்மை தீர்ப்ப எழுதின பட், அங்கீகாரம் இல்லாததால பிஎஃப், ஈஎஸ்ஐ, பென்ஷன் மாதிரி விஷயங்கள்ல இவங்களுக்கு பாதிப்பு வருது, அது பாரபட்சமா போய் முடியுதுன்னு அவரே ஒத்துக்குறார். ஒத்துக்கிட்டு, அத கேபினட் செக்ரட்டரி தலைமையில ஒரு கமிட்டி பாக்கட்டும்னு விட்டுடுறார். காயம் இருக்குன்னு சொல்ற கோர்ட் மருந்து குடுக்க மாட்டேங்குது. வேலை செய்யுற எடத்துல பாலியல் தொல்லைக்கு சட்டமே இல்லாத காலத்துல, 1997ல, விசாகா வழக்குல இதே சுப்ரீம் கோர்ட் தானே வழிகாட்டு விதிகள எழுதி, பார்லிமென்ட் சட்டம் போடுற வரைக்கும் இதுதான் சட்டம்னு சொல்லுச்சு. தென்னாப்பிரிக்காவுல 2005 டிசம்பர்ல அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னொரு வழி காட்டுச்சு: சட்டம் செல்லாது, ஆனா பார்லிமென்ட்டுக்கு 12 மாசம் டைம், அதுக்குள்ள சரி பண்ணுங்கன்னு. 2006 நவம்பர் கடைசியில அங்க சட்டம் வந்துருச்சு. அந்த மாதிரி ஒரு கெடு வச்சிருக்கலாம். கெடு இல்லாத கமிட்டியால என்ன ஆகும்னு நம்ம ஊர்ல யாருக்கும் தனியா சொல்ல வேண்டியதில்ல.

160 சட்டம்னு சொன்னதும் அவ்வளவு பயப்பட வேண்டிய விஷயம் இல்ல. தாய்லாந்து அதோட சிவில் சட்டத்துல கணவன் மனைவின்னு இருந்தத எல்லாம் வாழ்க்கைத்துணைன்னு மாத்துச்சு, 2025 ஜனவரி 23 அமலுக்கு வந்துருச்சு. தைவான் சிவில் சட்டத்த தொடாம தனியா ஒரு சட்டம் போட்டுச்சு, 2019 மே மாசம். அங்கயும் முதல்ல கோர்ட்தான் 2017ல ரெண்டு வருஷம் கெடு குடுத்துச்சு, நடுவுல 2018ல மக்கள் வாக்கெடுப்பு எதிரா போச்சு, அப்படியும் பார்லிமென்ட் சட்டம் போட்டுச்சு. நேபாளத்துல கோர்ட்டோட இடைக்கால உத்தரவ வச்சு 2023 நவம்பர்ல முதல் பதிவு நடந்துச்சு. கோர்ட்டால செய்ய முடியாத தையல் வேலைய சட்டம் போடுறவங்களால செய்ய முடியும்.

"இது நகரத்து மேட்டுக்குடி விஷயம்"னு மத்திய அரசு அபிடவிட்டுலயே எழுதிக் குடுத்துச்சு. எனக்கு ரொம்ப கோவம் வந்த இடம் அதுதான். தமிழ்நாட்டுல இந்தப் பேச்சே எங்கருந்து கிளம்புச்சுன்னு பாருங்க. 2021ல மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு வந்த சுஷ்மா வழக்குல, பெத்தவங்ககிட்டருந்து தப்பிச்சு மதுரையிலருந்து சென்னைக்கு ஓடி வந்த ரெண்டு பொண்ணுங்க, பின்னாடியே காணாமப் போனதா போலீஸ் கேஸ். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் புரியலன்னு வெளிப்படையா சொல்லி, ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் தீர்ப்பு எழுதினார். "மாத்துறேன்"னு சொல்லி நடக்குற சிகிச்சைகளுக்கு தடை வந்ததும், இவங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு 2022ல தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதியிலயே சேத்ததும் அந்த வழக்காலதான். 2019ல தூத்துக்குடியில ஒரு ஆணும் திருநங்கையும் கோயில்ல கல்யாணம் பண்ணி, பதிவு பண்ண மறுத்தாங்கன்னு மதுரை கிளைக்கு வந்தாங்க, மணப்பெண்ணுங்குற சொல்லுல திருநங்கையும் அடக்கம்னு நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பு சொன்னார். (சுப்ரியோ தீர்ப்புலயும் அஞ்சு பேரும் இந்த நிலைய ஏத்துக்கிட்டாங்க, ஆணும் திருநங்கையும், பெண்ணும் திருநம்பியும் இப்போ இருக்குற சட்டத்துலயே கல்யாணம் பண்ணிக்கலாம், இது பல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இன்னமும் தெரியல.) 2025 மே மாசம், மெட்ராஸ் ஹைகோர்ட்டுல வேலூர் மாவட்ட போலீஸ எதிர்மனுதாரரா சேத்து ஒரு ஆட்கொணர்வு மனு. 25 வயசு பொண்ண வீட்டுல அடைச்சு வச்சுட்டாங்கன்னு மனு போட்டவங்க, அதுல தன்ன காதலின்னு எழுதத் தயங்கியிருந்தாங்க. அந்தத் தயக்கம் புரியுதுன்னு நீதிபதிகளே சொல்லி, குடும்பம் அமைக்க கல்யாணம் ஒண்ணுதான் வழின்னு இல்ல, தானா தேர்ந்தெடுக்குற குடும்பமும் குடும்பம்தான்னு எழுதினாங்க. மதுரை, தூத்துக்குடி, வேலூர். இதுல மேட்டுக்குடி எங்க இருக்கு?

தீர்ப்புக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னா, 2024 ஏப்ரல்ல கமிட்டி போட்டாங்க. ஆகஸ்ட்ல சில சுற்றறிக்கை வந்துச்சு: ரேஷன் கார்டுல ஒரே குடும்பமா சேத்துக்கலாம், பேங்க்ல ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கத் தடை இல்ல, பார்ட்னர நாமினியா போடலாம். பெரிய செய்தியா போட்டாங்க. சுகாதார அமைச்சகத்தோட கடிதத்தையும் படிங்க: நெருங்கிய சொந்தக்காரங்க இல்லாத பட்சத்துல பார்ட்னர் உடலக் கேட்டு வாங்கிக்கலாமாம். இருபது வருஷம் கூட வாழ்ந்தவங்க, இருபது வருஷமா எட்டிப் பாக்காத அண்ணன் வந்து நின்னா ஒதுங்கிக்கணும்.

நாமினி விஷயத்த கொஞ்சம் விளக்கணும், நிறைய ஜோடிங்க இதுல நிம்மதியாகி ஏமாந்து போறாங்க. பேங்க்ல நாமினின்னா பணத்த வாங்கிக்குற ஆள், பணத்துக்கு சொந்தக்காரர் கிடையாது. வாங்கி சட்டப்படி வாரிசுகள்கிட்ட குடுக்கணும். நாமினியா போட்டதாலயே சொத்து வந்துடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2023 டிசம்பர்ல ஷேர் விஷயத்துல மறுபடியும் உறுதியா சொல்லிருச்சு. இன்சூரன்ஸ்ல 2015 திருத்தத்துக்கு அப்புறம் நாமினிக்கே பணம் சொந்தமாகுற வசதி வந்துச்சு, ஆனா அது பெத்தவங்க, கணவன் மனைவி, பிள்ளைங்களுக்குத்தான். பிஎஃப்ல இன்னும் மோசம், குடும்பம் இருந்தா குடும்பத்துல ஒருத்தரைத்தான் நாமினியா போடணும், நம்பி இருக்குற அப்பா அம்மா உயிரோட இருந்தா பார்ட்னர் பேர போட்டாலும் செல்லாது. எங்கிட்ட ஆலோசனைக்கு வந்த ரெண்டு பெண்கள், புறநகர்ல ஒரு ஃப்ளாட், லோன் ஒருத்தர் சம்பளத்துல எடுத்ததால பத்திரமும் அவங்க பேர்ல மட்டும், இஎம்ஐல பாதி இன்னொருத்தர் மாசாமாசம் ஜிபே பண்றாங்க. உயில் கிடையாது. லோன் எடுத்தவங்களுக்கு ஏதாவது ஆனா அந்த ஃப்ளாட் அவங்க அப்பா அம்மாவுக்குப் போகும், ஜிபே ஸ்டேட்மென்ட வச்சுக்கிட்டு மத்தவங்க கோர்ட் கோர்ட்டா அலையணும். கணவன் மனைவியா இருந்தா இந்தக் கேள்வியே எழாது.

வரி விஷயமும் அப்படித்தான். கணவன் மனைவிக்கு எவ்வளவு குடுத்தாலும் வாங்குறவங்களுக்கு வரி இல்ல, இவங்க ஒருத்தருக்கொருத்தர் வருஷத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல குடுத்தா வாங்குறவங்க வருமானமா கணக்காகும். இத எதிர்த்து ஒரு ஜோடி பாம்பே ஹைகோர்ட் போயிருக்காங்க, 2025 ஆகஸ்ட்ல அட்டர்னி ஜெனரலுக்கு நோட்டீஸ் போச்சு. கல்யாண உரிமைன்னு மொத்தமா கேக்காம ஒவ்வொரு பலனா தனித்தனியா கேக்குற இந்த ரூட்டு எனக்கு நம்பிக்கை குடுக்குது.

மறுஆய்வு மனு 2025 ஜனவரி 9 தள்ளுபடி ஆச்சு, அதனால எல்லாம் அவ்வளவுதான்னு சொல்றவங்களுக்கு: 377லயும் இதேதான் நடந்துச்சு. 2009ல டெல்லி ஹைகோர்ட் சாதகமா சொல்லுச்சு, 2013ல சுப்ரீம் கோர்ட் அத கவுத்துச்சு, 2014 ஜனவரியில மறுஆய்வு தள்ளுபடி, 2018ல அதே சுப்ரீம் கோர்ட் 2013 தீர்ப்பு தப்புன்னு சொல்லுச்சு.

இப்போ தமிழ்நாடு. நான் முக்கியமா சொல்ல வந்தது இதத்தான், கோர்ட்டு பாத்துக்கும்னு எல்லாரும் டெல்லியப் பாத்துக்கிட்டு இருக்கோம், கோட்டையப் பாத்து யாரும் கேக்குறதில்ல. நம்ம மாநிலத்துக்கு இதே மாதிரி ஒரு பிரச்சனைய சட்டம் போட்டுத் தீத்த அனுபவம் இருக்கு. சுயமரியாதைக் கல்யாணம். 1928லருந்து ஐயர் இல்லாம, ஓமம் வளக்காம ஆயிரக்கணக்கான கல்யாணம் நடந்துச்சு. 1953ல மெட்ராஸ் ஹைகோர்ட் அந்த மாதிரி கல்யாணம் சட்டப்படி செல்லாதுன்னு சொல்லிருச்சு. ஊரே பாக்க வாழ்ந்துக்கிட்டு இருந்தவங்க சட்டத்துல கணவன் மனைவி இல்ல. அதுக்காக யாரும் அந்தக் கல்யாணத்த நிறுத்தல. அண்ணா ஆட்சிக்கு வந்ததும் 1967ல இந்து திருமணச் சட்டத்துல 7ஏன்னு ஒரு பிரிவ சேத்தாங்க, ஜனாதிபதி ஒப்புதலோட 1968 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு. உறவுக்காரங்க இல்ல நண்பர்கள் முன்னாடி, கணவன் மனைவியா ஏத்துக்குறோம்னு புரியுற பாஷையில சொன்னா, இல்ல மாலையோ மோதிரமோ மாத்தினா, இல்ல தாலி கட்டினா போதும். இதவிட முக்கியம், ஏற்கனவே நடந்து முடிஞ்ச கல்யாணத்தையும் நடந்த நாள்லருந்தே செல்லும்னு ஆக்கினாங்க. கோர்ட் செல்லாதுன்னு சொன்னத சட்டசபை செல்லும்னு சொல்லுச்சு. 1989ல பெண்களுக்கு பூர்வீக சொத்துல சம பங்கு குடுத்ததும் அப்படித்தான், மத்திய அரசு அத நாடு முழுக்க 2005லதான் கொண்டு வந்துச்சு.

கல்யாணமும் வாரிசுரிமையும் பொதுப் பட்டியல்ல அஞ்சாவது இனம், மாநிலமும் சட்டம் போடலாம். ஆனா மத்திய சட்டத்தோட முரண்பட்டா ஜனாதிபதி ஒப்புதல் வேணும், இப்போ இருக்குற நிலைமையில அது கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். 7ஏ பிரிவுல இருக்குற உறுதிமொழியே கணவனா மனைவியா ஏத்துக்குறேன்னுதான் எழுதியிருக்கு, அதனால அப்படியே இவங்களுக்குப் பொருந்தாது. சட்டசபை ஒரு தீர்மானமோ மசோதாவோ போட்டு அனுப்பினா அது கிடப்புல கிடந்தாலும் அரசியலா ஒரு கனம் உண்டு, ஆனா அதுக்காக காத்திருக்கத் தேவையில்லாத விஷயங்களே நிறைய இருக்கு. அரசு ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு யார் கையெழுத்து போடலாம், ஐசியூக்குள்ள யாரை விடலாம், மாநில அரசு ஊழியரோட குடும்ப ஓய்வூதியம் யாருக்கு, கருணை அடிப்படையில வேலை யாருக்கு, வீட்டு வசதி வாரியத்துல கூட்டா விண்ணப்பிக்கலாமா, இதெல்லாம் மாநில அரசு விதியிலயும் அரசாணையிலயும் ஓடுற விஷயம், டெல்லிகிட்ட கேக்க வேண்டியதே இல்ல. 2023 நவம்பர்ல ஆனந்த் வெங்கடேஷ் குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம்னு ஒண்ண பதிவு பண்ற முறைய யோசிங்கன்னு மாநில அரசுக்கு சொன்னார், ரெண்டு பேரும் ஒண்ணா வாழ்றோம்னு ஒரு பத்திரம், யாரும் மிரட்டினா காட்டிக்க ஒரு ஆதாரம். அத கையில எடுத்து, இந்தப் பத்திரம் இருந்தா மேல சொன்ன பலனெல்லாம் உண்டுன்னு அரசாணை போட்டா, கல்யாணம்னு பேர் இல்லாமலே பாதி பிரச்சனை தீரும்.

கட்சிகள் நிலைய சுருக்கமா சொல்லிடுறேன். பார்லிமென்ட்டுல சுப்ரியா சுலே 2022 ஏப்ரல்ல தனிநபர் மசோதா கொண்டு வந்தாங்க, நகரல. 2024 தேர்தல் அறிக்கையில காங்கிரஸ் ஆலோசனைக்கு அப்புறம் சிவில் யூனியன் சட்டம்னு எழுதுச்சு, சிபிஎம்மும் சட்ட அங்கீகாரம் வேணும்னு சொல்லுது. எதிர்ப்புல ஆர்எஸ்எஸ்ஸும் ஜமியத் உலமாங்குற முஸ்லிம் அமைப்பும் ஒரே பக்கம் நின்னாங்க. மாநிலங்கள் கருத்த மத்திய அரசு கேட்டப்போ கோர்ட்டுல தாக்கல் ஆன பதில் ஏழு மாநிலத்தோடது, ராஜஸ்தான், ஆந்திரா, அசாம் மூணும் எதிர்ப்பு, மத்ததெல்லாம் டைம் கேட்டுச்சு. அந்த ஏழுல தமிழ்நாடு இல்ல. சமூகநீதி பேசுற மாநிலம் அன்னைக்கு வாயத் திறந்திருக்கணும்னு நான் இன்னமும் நெனக்குறேன்.

இத படிக்குறவங்கள்ல ஜோடியா வாழ்றவங்க இருந்தா, சட்டம் வர்ற வரைக்கும் செய்ய வேண்டியது. ஆளுக்கொரு உயில் எழுதுங்க, ரெண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம், பதிவு கட்டாயம் இல்ல, ஆனா சொந்தக்காரங்க தகராறு பண்ணுவாங்கன்னு தோணுச்சுன்னா பதிவு பண்ணிடுங்க. வீடு வாங்குனா பத்திரத்துல ரெண்டு பேர் பேரும், யாருக்கு எவ்வளவு பங்குன்னும் போடுங்க. மருத்துவ முன்விருப்ப ஆவணம்னு ஒண்ணு இருக்கு, 2023லருந்து நோட்டரி முன்னாடியே எழுதலாம், நெனவு தப்பி இனி பிழைக்க வாய்ப்பில்லங்குற நிலை வந்தா சிகிச்சை பத்தி யார் முடிவெடுக்கணும்னு அதுல பார்ட்னர் பேர எழுதுங்க. மனநல சிகிச்சைக்கு 2017 சட்டம் உறவுமுறையே கேக்காம யாரை வேணாலும் பிரதிநிதியா போட விடுது, அதையும் எழுதி வைங்க. பவர் பத்திரத்த மட்டும் நம்பிடாதீங்க, எழுதிக் குடுத்தவர் இறந்த அன்னைக்கே அது செல்லாது.